ஸ்டவுட் ஊறல் போட ஆசைப்படும் காரைக்குடித் தம்பிக்கு

காரைக்குடியிலிருந்து இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, நாலு பேர் சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம், கடையில் ஸ்டவுட் என்கிற கறுப்புப் பீரை வீட்டில் போடுவதற்கான கிட் (மால்ட் பாகு டப்பாவும் ஈஸ்ட்டும்) பார்த்தேன், வீட்டிலேயே போடலாமா, போலீஸ் வருமா, எந்தக் கம்பெனி நல்லது, காசு மிச்சமாகுமா, சர்க்கரைக்குப் பதில் ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியைப் போடலாமா, ஊருக்குப் போகும்போது சித்தப்பாவுக்கு ஒரு கிட் எடுத்துப் போகலாமா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய் தம்பி.

கம்பெனியெல்லாம் பெரிய விஷயமே இல்லை. தேதி புதிதாக இருக்கிற டப்பாவாகப் பார்த்து எடு. காசு மிச்சமாகும், ஆனால் முதல் தடவை வாளி, ஹைட்ரோமீட்டர் (பீரில் சர்க்கரை எவ்வளவு பாக்கி என்று காட்டும் மிதவை), பாட்டில் மூடி என்று வாங்குவதிலேயே அது போய்விடும். போலீஸ் வராது. இங்கே வீட்டில் சொந்தமாகக் குடிக்க பீர் போட 1963-லிருந்து லைசென்ஸ் தேவையில்லை. விற்கத்தான் கூடாது, பக்கத்து அறைக்காரனுக்கு ஒரு பாட்டில்கூட. அதை வடித்துச் சாராயமாக்கிப் பார்க்கலாமே என்று எவனாவது யோசனை சொன்னால் அவன் பக்கமே போகாதே, அது இங்கே குற்றம்.

நான் சொல்ல வந்தது அவசரத்தைப் பற்றி. நான் தேவகோட்டையிலிருந்து லீட்ஸில் வந்து இறங்கியது ஜனவரி மாதம், தங்கியதும் உன்னைப் போலவே பங்கு வீட்டில். ராத்திரி பத்து மணிக்கு ஹீட்டர் தானாக அணைந்துவிடும், அதை மாற்றும் சாவி வீட்டுக்காரரிடம். கூட இருந்த திருச்சிக்காரர் ஒருவர் கிட் வாங்கிவந்து போட்டார். நாலைந்து நாள் குமிழி வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. டப்பாவோடு வந்த தாளிலும் ஒரு வாரத்துக்குள் பாட்டிலில் ஊற்றலாம் என்று போட்டிருந்தது. மனுஷர் உடனே பழைய விஸ்கி பாட்டில், ஜாம் பாட்டில் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் ஊற்றி, சர்க்கரையும் போட்டு இறுக்கி மூடி, பாய்லர் இருக்கும் அலமாரியில் வைத்துவிட்டார். விஷயம் என்னவென்றால் ஈஸ்ட் வேலையை முடிக்கவே இல்லை, குளிரில் தூங்கிப் போயிருந்தது. பாய்லர் சூட்டில் எழுந்து பாக்கியிருந்த சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்ததும், வாயு போக வழியில்லாமல், ஒரு ராத்திரி முதல் பாட்டில் வெடித்தது, பின்னாலேயே மற்றதும். கண்ணாடித் துண்டு அலமாரிக் கதவில் குத்தி நின்றது. கார்ப்பெட்டெல்லாம் கறுப்பு. அட்வான்ஸில் பாதியை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார், அதில் என் பங்கும் போனது, நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை!

அதனால்தான் சொல்கிறேன், குமிழியை நம்பாதே, தாளையும் நம்பாதே, ஹைட்ரோமீட்டரை நம்பு. சாதாரண ஸ்டவுட் கிட் 23 லிட்டருக்கு வரும். தொடக்கத்தில் 1.040-க்குப் பக்கத்தில் காட்டும், முடியும்போது 1.010-லிருந்து 1.014-க்குள் வந்து நிற்கும். ஸ்டவுட்டில் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை கொஞ்சம் தங்கிவிடும், அதனால் மற்ற பீரைவிடக் கொஞ்சம் மேலேயே நின்றால் பயப்படாதே. ரெண்டு நாள் இடைவெளி விட்டு அளந்தும் ஒரே எண் வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். 1.020-ல் நகராமல் நின்றுவிட்டால் முடியவில்லை, குளிர்தான் காரணமாக இருக்கும், வாளியைப் போர்வையால் சுற்றிச் சூடான அறைக்கு மாற்று. 18-லிருந்து 22 டிகிரிக்குள் இருந்தால் ஈஸ்ட் சந்தோஷமாக இருக்கும். ரெண்டு வாரம் வாளியிலேயே கிடக்கட்டும், ஒன்றும் கெட்டுப் போகாது. பாட்டிலுக்கு, சோடா வருகிற கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலே போதும், பழுப்பு நிறம் என்றால் இன்னும் நல்லது, வெயில் பட்டால் பீர் நாறும். அரை லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி சர்க்கரை, அதற்கு மேல் வேண்டாம். அமுக்கிப் பார்த்தால் வாயு ஏறுவது கையிலேயே தெரியும்.

அடுத்தது சுத்தம். நம் ஊர்க்காரர்களுக்கு இதில்தான் தலைக்கனம், இட்லி மாவு புளிக்க வைக்கத் தெரிந்தவனுக்கு இதென்ன பிரமாதம் என்பார்கள். மாவு புளிப்பது உளுந்திலும் அரிசியிலும் நம் கையிலும் இருக்கிற கண்ட கிருமிகளால், அந்தப் புளிப்புதான் அதற்கு ருசி. பீரில் டப்பாவோடு வந்த அந்த ஒரு ஈஸ்ட்டைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது, போனால் காடிதான். வாளி, கரண்டி, மூடி, குழாய் எல்லாவற்றையும் முதலில் கழுவு, அப்புறம் கிருமிநாசினியில் நனை. அலசத் தேவையில்லாத கிருமிநாசினி என்றே கிடைக்கிறது. மசாலா பிடித்த பிளாஸ்டிக் கரண்டியைத் தொடாதே. நீ கோழி வறுக்கிற அடுப்படியில், அதே நேரத்தில், இந்த வேலையை வைத்துக்கொள்ளாதே.

கருப்பட்டி, தாராளமாகப் போடலாம், ஸ்டவுட்டுக்குப் பொருத்தமாகவே இருக்கும். ஆனால் முழுக்க அதுவே வேண்டாம். ஒரு கிலோ சர்க்கரை போடு என்று தாள் சொன்னால் முக்கால் கிலோ உலர்ந்த மால்ட் (முளைவிட்ட பார்லியிலிருந்து எடுக்கிற பொடி), கால் கிலோ கருப்பட்டி. வெறும் வெள்ளைச் சர்க்கரை போட்டால் தண்ணியாக, வறட்டென்று இருக்கும். கருப்பட்டியைக் கொதிக்கவிட்டு வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், அடியில் எவ்வளவு மணல் நிற்கும் என்று உனக்கே தெரியும். கடையில் விற்கிற கின்னஸ் ஸ்டவுட்டில் வருகிற வெண்ணெய் மாதிரி நுரையை மட்டும் எதிர்பார்க்காதே, அது நைட்ரஜன் வேலை.

இன்னொன்றும் வரும், தயாராக இரு. நீ பீர் போடுகிறாய் என்று தெரிந்ததும் இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் வருவார்கள். ரெண்டு கிளாஸ் குடித்துவிட்டு, சங்கத்துப் பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்துப் பண்பாடு பேசுபவரும் அவரேதான். இன்னும் சிலர் இங்கேயே வீடு வாங்கிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கும் அனுப்பிய பிறகும் வெள்ளைக்காரன் பீர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று குறை சொல்வார்கள். ஸ்டவுட்டை உறைகிற குளிரில் குடித்தால் வறுத்த பார்லி வாசனையே தெரியாது, பழகிக்கொள். நான் பழகிக்கொண்டேன். இப்போது என் தெருவில் வெள்ளைக்காரர்களே ஹைட்ரோமீட்டரை என்னிடம்தான் இரவல் கேட்கிறார்கள்.

எனக்கு இந்தக் கறுப்புப் பீர் பழக்கம் இங்கே வந்து தொற்றியது என்று வீட்டில் நினைக்கிறார்கள். அதற்கு முன்னாலேயே கேள்விப்பட்டது. எங்கள் ஐயா ஈப்போவில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் வட்டிக் கடை நடத்திய இடத்தில், பெட்டியடிப் பையன் என்கிற எடுபிடியாகப் போய், முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். முகப்பில் உட்கார்ந்து மலாயாக் கதை சொல்லும்போது, நாய்த்தலைப் படம் ஒட்டிய கின்னஸ் பாட்டில், சீனர் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு அதைத்தான் மருந்தாகக் கொடுப்பார்கள் என்பதெல்லாம் வரும். நீங்கள் குடித்தீர்களா ஐயா என்று கேட்டால் ஆச்சி இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, வட்டிக் கணக்குப் பேச்சுக்குப் போய்விடுவார். அவரும் மூன்று வருடக் கணக்குக்குப் போய், பத்துப் பேரோடு ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியை வைத்துக்கொண்டு படுத்தவர்தான். உன் நாலு பேர் வீடு அரண்மனை தம்பி.

சித்தப்பாவுக்குக் கிட் எடுத்துப் போவதை மறந்துவிடு. தமிழ்நாட்டில் 1937-லிருந்து இருக்கிற மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, டாஸ்மாக் கடை தெருத்தெருவாக இருந்தாலும் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் மது தயாரித்தால் குற்றம்தான். அங்கே மே மாத வெயிலில் ஈஸ்ட் என்ன பாடுபடும் என்பது தனிக் கதை. நல்ல சாக்லேட் வாங்கிப் போ.