எழுபத்திரண்டில் ஒரு பங்கு

அன்புள்ள சார்,

ஓசூரில் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். இஞ்செக்‌ஷன் மோல்டு, அதாவது உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி வார்க்கும் எஃகு அச்சு (டை) செய்வதுதான் தொழில். பெரும்பாலும் பைக், கார் உதிரி பாகங்களுக்கு. வீட்டில் பிளாஸ்டிக் விமான மாடல்கள் கட்டுவது பல வருடப் பழக்கம். எல்லாம் 1/72 அளவு, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. கட்டி முடித்தவை கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன, கட்டாத பெட்டிகள் பரணில். பரணில்தான் அதிகம் என்பதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

"கம்பெனியிலயும் பிளாஸ்டிக், வீட்டுக்கு வந்தாலும் பிளாஸ்டிக்கா?" என்பாள் மனைவி. அது பழகிவிட்டது. பொங்கலுக்கு வந்த மச்சான் கேட்டதுதான் உறுத்துகிறது. "இதுல நீங்க செஞ்சது என்ன மாமா? டை வெட்டினவன் ஒருத்தன், பார்ட்டுக்கு நம்பர் போட்டுப் படம் வரைஞ்சவன் ஒருத்தன். நீங்க ஒட்டினீங்க, அவ்ளோதானே?" என்றான். சிரித்துச் சமாளித்தேன். டை வெட்டுகிற எனக்கே பதில் தெரியவில்லை.

இன்னொன்று. மகள் ஏழாவது படிக்கிறாள். ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானத்துக்கு டெகால் (சின்னங்கள், எழுத்துகள் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், "இது யாரைச் சுட்டுச்சுப்பா?" என்று கேட்டாள். "அது பழைய கதைம்மா" என்று சொல்லிவிட்டேன். போர் விமானங்களை மட்டுமே கட்டுகிறோமே என்று அன்றிலிருந்து ஒரு நெருடல்.

நீங்களும் மாடல் கட்டுபவர் என்று படித்த தைரியத்தில் கேட்கிறேன். கூடவே இரண்டு சில்லறைக் கேள்விகள்: அடுத்து எதைக் கட்டலாம்? ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) வாங்கியே ஆக வேண்டுமா?

பெயர் போட வேண்டாம் சார். மச்சான் உங்கள் தளத்தைப் படிப்பவன்.

ஓசூர் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மச்சான் படிப்பார் என்பதால் அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி நியாயமானது. இதற்கு நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் எனக்கு ஒப்புவதில்லை. பொறுமை வரும், கை நிதானப்படும், டென்ஷன் குறையும் என்பார்கள். பொறுமைக்கு முருங்கைக்கீரை ஆய்ந்தாலே போதும், இவ்வளவு செலவு எதற்கு? 'இதுவும் கலைதான்' என்று கொடி பிடிப்பதிலும் எனக்கு ஆர்வமில்லை. கலை என்று பெயர் வைத்தால்தான் கைவேலைக்கு மரியாதை என்று யாராவது சொன்னால், டூல் ரூமில் நிற்கும் நீங்கள்தான் முதலில் சண்டைக்குப் போக வேண்டும்.

பதில் உங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். 1/72-இல் 15.6 சென்டிமீட்டர். இந்த அளவை அச்சுப் பிசகாமல் கொடுத்துவிடலாம். அதற்கு மேல் ஒவ்வொன்றும் தகராறுதான். நிஜ விமானத்தில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகடு, 1/72-இல் 0.014 மி.மீ. ஆக வேண்டும். தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அந்த இடுக்கில் மாடல் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் உருகினாலும் ஓடாது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தகடும் தகடும் சேரும் இடத்தில் பேனல் கோடு கீறியிருப்பார்கள், 0.2 மி.மீ. அகலத்துக்கு. அதை 72-ஆல் பெருக்கிப் பாருங்கள். நிஜத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் விரிசல்! அப்படி ஒரு விமானத்தில் எந்த விமானியும் ஏற மாட்டான். ஆனால் கோட்டை நிஜ அளவுக்குக் குறைத்தால் கண்ணுக்கே தெரியாது. தெரிந்தாலும் முதல் பூச்சுப் பெயின்டில் அடைந்துவிடும்.

ஆகவே டை வெட்டியவர் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கே, எவ்வளவு என்று அவர் ஒரு முடிவு எடுத்தார். அதே முடிவை அடுத்த கட்டத்தில் நீங்கள் எடுக்கிறீர்கள். நிஜ விமானத்தின் கரும்பச்சையை அப்படியே கலந்து சாண் அகலம்கூட இல்லாத மாடலில் பூசினால் கறுப்பாகத் தெரியும். கொஞ்சம் வெளுக்க வேண்டும். எவ்வளவு? இதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு எதுவும் கிடையாது. புகைக்கறை எஞ்சினிலிருந்து எத்தனை தூரம் பின்னால் போக வேண்டும், பெயின்ட் எங்கே உரிந்திருக்கும் என்று குறிப்புத்தாள் சொல்வதில்லை. சொன்னாலும் நம்பக் கூடாது. (எல்லாப் பேனல் கோட்டிலும் கறுப்பு மையை ஓட்டி, ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியே நிழல் கொடுக்கும் மோஸ்தர் இப்போது பரவியிருக்கிறது. போட்டியில் பரிசு வாங்கும். பறந்த விமானம் மாதிரி இருக்காது.)

'ஒட்டினீங்க' என்பதற்கும் மச்சானைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, மெல்லிய பசையில் தோய்த்த தூரிகையை இணைப்பில் ஒரே ஓர் இடத்தில் தொடுங்கள். தண்ணீர் மாதிரி அது தானாகவே கோடு நெடுக ஓடும். சில நொடி விட்டு அழுத்தினால் இணைப்பிலிருந்து நூலிழை கனத்தில் உருகிய பிளாஸ்டிக் பிதுங்கி எழும். அங்கே பசை என்று தனியாக ஒன்று தங்குவதில்லை. கரைப்பான் ஆவியாகிப் போய்விடும், இரண்டு சுவரும் உருகி ஒரே சுவராகிவிடும். வெல்டிங்தான் அது. மறுநாள் பிதுங்கலைப் பிளேடால் சீவி, 400, 600, 1000 என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டே போய், கடைசியில் நகத்தால் வருடினால் இணைப்பு எங்கே இருந்தது என்றே தெரியக் கூடாது. உங்கள் பார்ட்டிங் லைனை (மோல்டின் இரு பாதிகள் சேரும் இடத்தில் பொருளில் விழும் கோடு) அழித்துவிட்டார் என்று ஒருவர் மேல் உங்களுக்குக் கோபம் வராது, இல்லையா? அந்த ஒருவர் இங்கே நீங்களேதான்.

இனி மகளின் கேள்வி. மன்னிக்கவும், உங்கள் கேள்விகளைவிட அவளுடையதுதான் உயர்ந்தது. 'பழைய கதை' என்று தள்ளியிருக்க வேண்டாம்.

1/72 என்ற அளவு எங்கிருந்து வந்தது? ஓர் அங்குலம் ஆறடிக்குச் சமம். ஆறடி ஆள் மாடலில் ஓர் அங்குல உயரம் நிற்பான். 1930-களில் இங்கிலாந்தில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரக் கிட்கள் (பாகங்களாக வரும் மாடல் பெட்டிகள்) இந்த அளவில் வந்தன. 1936-இல் ஃப்ராக் நிறுவனம் 'பென்குவின்' என்ற வரிசையில் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தது. உலகின் முதல் பிளாஸ்டிக் விமானக் கிட்கள் அவைதான். அன்றைய பிளாஸ்டிக் செல்லுலோஸ் அசிடேட். நாளாக ஆக நெளிந்துவிடும். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் 5,00,000 மர விமான மாடல்கள் செய்து தரச் சொல்லிக் கேட்டது. அளவு 1/72, நிறம் முழுக் கறுப்பு. முப்பத்தைந்து அடி தூரத்தில் தொங்கவிட்டால் அரை மைலில் பறக்கும் விமானம் போலத் தெரியும். கறுப்பு நிழலை வைத்தே அது நம்முடையதா, எதிரியுடையதா என்று பீரங்கிக்காரர்கள் கண்ணைப் பழக்கிக்கொண்டார்கள். யாரைச் சுடுவது, யாரை விடுவது என்ற பாடத்துக்கான கருவியை உங்கள் மகளைவிடச் சில வயதே மூத்த பிள்ளைகள் பள்ளித் தச்சுக்கூடத்தில் செய்தார்கள். இதை அவளிடம் சொல்லுங்கள். அவள் உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வாள்.

டைகளும் கட்சி பிரிந்த கதை உண்டு, அது உங்களுக்கு. 1970-களில் ஃப்ராக் மூடப்பட்டபோது அதன் மோல்டுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போயிற்று. 'நோவோ' என்ற பெயரில் அதே விமானங்கள் திரும்ப வந்தன. ஆனால் ஜெர்மன், ஜப்பானிய விமானங்களின் மோல்டுகளை சோவியத் தரப்பு வேண்டாமென்று விட்டுவிட்டது. அவை ரெவெல் என்ற இன்னொரு மாடல் நிறுவனத்துக்குப் போயின. போர் முடிந்து முப்பது ஆண்டுக்குப் பிறகும் எஃகுக் கட்டைகளின் மேல் அந்தப் பகை! ஜெர்மனியில் இன்றும் நாஜிகளின் ஸ்வஸ்திகாவைச் சட்டம் தடுக்கிறது. அதனால் பல கிட்களில் அந்த டெகாலே இருக்காது, அல்லது இரண்டு துண்டாக வெட்டி அச்சிட்டிருப்பார்கள். ஒட்டுகிறவன் தன் பொறுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டியது. சேர்ப்பதா வேண்டாமா என்று மேஜையில் உட்கார்ந்து யோசிக்கும் அந்தச் சில நிமிடங்களை நான் இந்தப் பொழுதுபோக்கின் முக்கியமான பகுதியாக நினைக்கிறேன். நான் ஒட்டுவேன். இருந்ததை இல்லை என்று காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒட்டாதவர்களோடு வாதாட மாட்டேன்.

அடுத்து எதைக் கட்டுவது என்றால், என் சிபாரிசு பவுல்டன் பால் டிஃபையண்ட். கேள்விப்படாத பெயராக இருந்தால் பெட்டியை எடுக்கக் கையே போகாது. அழகு என்று சொல்ல முடியாத விமானம். ஆனால் நமக்கும் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. போரின்போது சென்னை மாகாணத்தில் நிதி திரட்டிக் கொடுத்ததற்காக பிரிட்டிஷ் விமானப்படையின் மூன்று பிரிவுகளுக்கு 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்ற பெயர் சூட்டப்பட்டது: 79, 234, 264. இதில் 264-ஆம் பிரிவு (ஸ்குவாட்ரன்) பறந்தது டிஃபையண்டில். கொடுத்தவர்கள் விரும்பிக் கொடுத்தார்களா, தாசில்தார் வாசலில் வந்து நின்றதால் கொடுத்தார்களா என்பது வேறு விசாரணை.

டிஃபையண்டில் விமானிக்கு முன்னோக்கிச் சுடும் துப்பாக்கியே கிடையாது. அவருக்குப் பின்னால் சுழலும் ஒரு டரட் (துப்பாக்கிக் கூண்டு), அதில் நான்கு பிரவுனிங் துப்பாக்கிகள், உள்ளே நெருக்கிக்கொண்டு ஒரு கன்னர். 1940 மே மாதம் பிரான்சின் டன்கிர்க் வானில் எதிரிகள் இதைப் பின்னோக்கிச் சுட முடியாத சாதாரண ஹரிக்கேன் போர் விமானம் என்று நினைத்துப் பின்னாலிருந்து வந்து மாட்டிக்கொண்டார்கள். மே 29 அன்று ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக 264 கணக்குக் கொடுத்தது. உண்மையில் விழுந்தவை அதைவிட மிகக் குறைவு. சூட்சுமம் தெரிந்ததும் ஜெர்மானியர்கள் முன்னாலிருந்தும் அடியிலிருந்தும் வந்தார்கள். ஆகஸ்ட் 24 அன்று பிரிவின் தலைவர் பிலிப் ஹன்டர் தன் கன்னரோடு ஒரு குண்டுவீச்சு விமானத்தைத் துரத்திக்கொண்டு போனார். இருவரும் திரும்பவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் டிஃபையண்டைப் பகல் போரிலிருந்தே விலக்கிவிட்டார்கள், அதன்பின் இரவு வேட்டைக்குத்தான். விமானம் அடிபட்டால் விமானி மூடியைத் தள்ளிவிட்டுக் குதிக்கலாம். டரட்டுக்குள் இருப்பவர் வெளியேற அது சரியான பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மின்சாரம் போய்விட்டால் திரும்பாது. 'யாரைச் சுட்டுச்சு' என்பதோடு 'யார் உள்ளே இருந்தார்கள்' என்பதையும் மகளுக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான விமானம் எனக்குத் தோன்றவில்லை. மொத்தம் 1,064 செய்தார்கள். முழுசாக மிஞ்சியது ஒன்றே ஒன்று, பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில், இரவுப் போருக்கான கறுப்பு உடையில்.

மச்சானுக்கு இங்கே இன்னொரு பதிலும் கிடைக்கும். நீங்கள் எந்த நாளின் டிஃபையண்டைக் கட்டப் போகிறீர்கள்? மே மாதத்து 264 என்றால் அன்றைய பொது விதிப்படி அடிப்பக்கம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஜூனில் உத்தரவு மாறியது. ஆகஸ்ட் என்றால் அடியில் வெளிர்பச்சை ஓடிய 'ஸ்கை' நிறம். பிளாஸ்டிக் இரண்டுக்கும் ஒன்றுதான், பக்கவாட்டில் 'பி.எஸ்.' என்ற குறியெழுத்தும் ஒன்றுதான். ஜெயித்த நாளா, செத்த நாளா என்பதை வண்ணம்தான் சொல்லும், அதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். அதற்காகப் பழைய புகைப்படங்களைத் தேடி, படத்தில் தெரியும் சாம்பல் எந்த நிறமாக இருக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள நேரும். என் வேலையில் பாதி நேரம் அதில்தான் போகிறது.

ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் மாடல் நிறுவனம் இதை 2015-இல் புது மோல்டில் 1/72-இல் கொண்டுவந்தது. அந்தக் காலகட்டத்து ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றில் 'மேட் இன் இந்தியா' என்று அச்சிட்டிருக்கும். உங்கள் கையில் கிடைப்பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மனைவியிடம் காட்டலாம், பயன் எதுவும் இருக்காது என்றாலும்.

ஏர்பிரஷ் இப்போது வேண்டாம். 1/72-க்கு நல்ல தட்டைத் தூரிகையும் நீர்த்த அக்ரிலிக்கும் போதும். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. அந்தக் காசில் நல்ல ஸ்ப்ரூ கட்டரும் (பாகங்களைச் சட்டத்திலிருந்து நறுக்கும் கருவி) மேஜை விளக்கும் வாங்குங்கள். ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் வந்தால் லாக்கர் பெயின்ட் வரும், லாக்கர் வந்தால் ஈரப்பதத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டும். சென்னையில் ஐப்பசி மாதம் லாக்கர் அடித்தால் பூச்சு பனி மூடியதுபோல வெளுத்துவிடும். ஓசூரில் உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு, கொடுத்துவைத்தவர். பசை, தின்னரெல்லாம் தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள், உள்ளூரில் கிடைக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். மகள் பக்கத்தில் உட்காருவதால் ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

டெகால் ஒட்டும் முன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி, 'பி.எஸ்.' எழுத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் படலம் தெரியும். டரட் கண்ணாடியின் சட்டங்களுக்கு மாஸ்க்கிங் டேப் வெட்டி ஒட்டுவது நிச்சயம் உங்கள் உயிரை வாங்கும், அதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். கண்ணாடியை ஒட்டும்போது ஃபெவிக்விக் வகையறா பக்கமே போக வேண்டாம். அதன் ஆவி பட்டாலே உள்பக்கம் வெளுத்துப்போகும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெரியாது.

அன்புடன்.