நூலால் அறுக்கும் களி

வணக்கம் ஐயா,

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். எங்கள் தெருமுனையில் போன மாதம் ஒரு மால்டோவா உணவகம் திறந்திருக்கிறார்கள். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று போனில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனோம். மமலிகா என்று ஒன்று வந்தது. மஞ்சளாக, கட்டியாக, உப்பே இல்லாமல். என் மனைவி ஒரு வாய் தின்றுவிட்டு, "மக்காச்சோளக் களிக்கா இவ்வளவு காசு?" என்றாள். கூட வந்த வெள்ளைச் சீஸ் ஒரே கரிப்பு. நீங்கள் அந்நாட்டுத் தலைநகர் கிஷினாவில் சில வாரம் தங்கியதாக முன்பு எழுதியிருந்தீர்கள். இதை எப்படித்தான் சாப்பிடுவது? அப்புறம், இது அவர்களுடைய சமையலா, இல்லை ருமேனியச் சாப்பாட்டுக்கு இன்னொரு பெயரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி சொன்னது சரி. மமலிகா களியேதான். ஆனால் நீங்கள் சோற்றைத் தனியாகவும் குழம்பைத் தனியாகவும் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்கள். களியில் உப்பில்லாததும் சீஸ் கரிப்பதும் ஒரே கணக்கு. அந்தச் சீஸ் ப்ரின்ஸா, உப்புநீரில் ஊறியது. களியைக் கையால் கிள்ளி, அதன்மேல் ப்ரின்ஸாவை உதிர்த்து, ஸ்மின்தினா என்ற புளித்த க்ரீமில் தோய்த்து வாயில் போடுங்கள். பூண்டை உப்போடு நசுக்கி நீர் விட்ட முஜ்தெய் இருந்தால் அதிலும் ஒரு தடவை.

கிஷினாவில் முதல் நாள் நானும் கத்தியோடுதான் உட்கார்ந்தேன். பரிமாறிய அம்மாள் தலையை ஆட்டிவிட்டு என்னை அடுப்படிக்கே கூட்டிப்போனார். வார்ப்பிரும்புச் சட்டியில் களி பொத் பொத்தென்று கொதித்துக்கொண்டிருந்தது. நீளமான கட்டையால் கிளறி, இறுகியதும் சட்டியை மரப்பலகையில் ஒரே கவிழ்ப்பு. ஆவி பறக்கிற மஞ்சள் மேடு. அம்மாள் ஒரு வெள்ளை நூலை அதன் அடியில் நுழைத்து, இரு முனையையும் பிடித்து மேலே இழுத்தார். ஒரு பருக்கை ஒட்டவில்லை. கத்தி என்றால் ஒட்டும், பிசிறும். நூலைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

(ருமேனிய மொழியில் "மமலிகா வெடிக்காது" என்று ஒரு சொலவடை உண்டு. இந்த ஜனங்கள் எதற்கும் கிளர்ந்தெழ மாட்டார்கள் என்று குத்திக்காட்டுவது. 1989 டிசம்பரில் அது வெடித்தது: டிமிஷோரா நகரில் தொடங்கிய கிளர்ச்சி தலைநகர் புக்கரெஸ்டுக்குப் பரவி, கம்யூனிச ஆட்சியைக் கவிழ்த்தது.)

யாருடைய சமையல் என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. ப்ரூத் ஆற்றின் இரு கரையும் ஒரு காலத்தில் ஒரே சமஸ்தானம். 1812இல் கிழக்குப் பாதியை ரஷ்யா எடுத்துக்கொண்டது. இன்றைய மால்டோவாவின் பெரும்பகுதி அதுதான். மேற்குக் கரை ருமேனியாவில் இருக்கிறது, அங்கும் இதே களி, இதே நூல். மொழிக்கு என்ன பெயர் என்பதே நெடுநாள் சண்டை. 2023இல்தான் அவர்கள் நாடாளுமன்றம் சட்டங்களில் "மால்டோவ மொழி" என்றிருந்ததை "ருமேனிய மொழி" என்று மாற்றியது. மக்காச்சோளமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்கு முன் பனிவரகில் கிண்டினார்கள். முட்டைக்கோஸ் இலையிலோ திராட்சை இலையிலோ அரிசியும் கறியும் சுற்றி வேகவைக்கும் சர்மாலெயின் பெயர், துருக்கியில் 'சுற்று' என்பதிலிருந்து வந்தது. சீஸோ உருளைக்கிழங்கோ பூசணியோ வைத்துச் சுடும் ப்ளச்சிந்தாவுக்கு லத்தீன் பெயர். பூசணி ப்ளச்சிந்தா கிடைத்தால் விடாதீர்கள்.

எனக்கு அவர்களுடையது என்று தோன்றுவது புளிப்பு. புளி இல்லாத ஊர், எலுமிச்சையும் விளையாத குளிர். கோதுமைத் தவிட்டில் வெந்நீர் ஊற்றி, போன தடவை மிஞ்சிய மண்டியைக் கொஞ்சம் சேர்த்து, கதகதப்பான மூலையில் சில நாள் விட்டால் ஒரு கலங்கிய புளித்த நீர் கிடைக்கும். அதற்கும் போர்ஷ் என்றுதான் பெயர், பீட்ரூட் சூப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது விழுகிற இடம் ஸாமா என்ற கோழி சூப். நாட்டுக்கோழியை நிதானமாக வேகவைத்து, வீட்டில் அரிந்த மெல்லிய நூடுல்ஸ் போட்டு, கடைசியில் இந்த நீரை ஊற்றி, செலரி வாசம் அடிக்கும் லெவுஷ்தியான் இலையைக் கிள்ளிப் போடுவார்கள். ராத்திரி குடித்தவர்கள் காலையில் தேடுவதும் இதைத்தான். எனக்குக் குடியில் ஈடுபாடு இல்லை, மிலெஷ்தி மிச் சுரங்கத்தில் வைன் பாட்டில்கள் கின்னஸ் புத்தகத்தில் ஏறுமளவு இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள், தலையாட்டிவிட்டு ஸாமாவைக் குடித்தேன். மூன்றாவது கிண்ணத்தில்தான் அந்தப் புளிப்பு பிடிபட்டது.

அடுத்த முறை ஸாமாவில் ஆரம்பியுங்கள். புளிப்புக்கு என்ன ஊற்றுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். எலுமிச்சை என்றால் சும்மா ஒரு கோழி சூப், குடித்துவிட்டு வரலாம். தவிட்டு நீர் என்றால் அது உருப்படியான கடை, மமலிகாவும் வாங்குங்கள். மிஞ்சினால் கட்டிக்கொண்டு வந்து மறுநாள் காலை வில்லை போட்டு வெண்ணெயில் முறுக வறுத்து, மேலே ப்ரின்ஸாவை உதிர்த்து உங்கள் மனைவிக்குக் கொடுங்கள். காசு கணக்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.