பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காக வாடகைக் கடையில் நடக்கும் குடும்ப உணவகத்தைக் காலி செய்யச் சொன்னால் இழப்பீடு கிடைக்குமா?

இடத்தை அரசு கையகப்படுத்துகிறதா, பல்கலைக்கழகமே உரிமையாளரிடம் விலைக்கு வாங்குகிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். நாங்கள் அதைக் காலம் கடந்து விசாரித்தோம்.

தக்கலைக்கு அருகே ஒரு பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே என் அப்பா 1994 முதல் உணவகம் நடத்தினார். காலையில் புட்டும் பயறும் பப்படமும், மதியம் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும், நாலு மணிக்கு ரசவடையும் இருக்கும். மாணவர்களின் பற்று நோட்டை அம்மா எழுதுவார். படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு வந்து பாக்கியைத் தீர்த்தவர்கள் உண்டு, தீர்க்காதவர்களின் பெயரை அம்மா இன்றும் அடிக்கவில்லை. அந்த வரிசைக் கடைகள் மொத்தத்தையும் பல்கலைக்கழகம் வாங்கிய செய்தி, காலி செய்யச் சொல்லி ஆள் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அரசு கையகப்படுத்தியிருந்தால், 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நிலமில்லாத வாடகைதாரரையும், பிழைப்பு பறிபோகும் நிலையில் மூன்றாண்டுகளாவது அங்கே தொழில் செய்துவந்தவரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே கொள்கிறது. முதல்நிலை அறிவிப்பு வந்த 60 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இடம்பெயரும் சிறு வணிகருக்கு ஒருமுறை உதவித்தொகையாகக் குறைந்தது 25,000 ரூபாய் உண்டு. (எங்கள் அடுப்பையும் பாத்திரங்களையும் இடம் மாற்றி நிறுவவே அது போதாது என்பது வேறு விஷயம்.)

எங்களுடையது நேரடிக் கிரயம் என்பதால் அந்தச் சட்டம் கைகொடுக்கவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டமோ எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டி உரிமையாளர் கடையைத் திரும்பக் கேட்க முடியும். வழக்கறிஞர் வாடகை ரசீதைக் கேட்டபோது அப்பா பற்று நோட்டை எடுத்து நீட்டினார். பழைய உரிமையாளர் நல்ல மனிதர், முப்பது வருடமும் வாய்ச்சொல்லிலேயே நடந்தது. கடைசியில் பேசிப் பேசி நான்கு மாத அவகாசமும் அட்வான்ஸும் பெற்றோம்.

ஆகவே வாடகை ஒப்பந்தத்தை உடனே எழுத்தில் செய்து பதிவு செய்யுங்கள்; உணவுப் பாதுகாப்புப் பதிவு, உள்ளாட்சி உரிமம், மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். கடை இருக்கும் சர்வே எண்ணுக்கு மாதம் ஒருமுறை இணையத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். எங்கள் இடத்தின் கிரயம், ஆள் வருவதற்கு மூன்று மாதம் முன்பே அதில் பதிவாகியிருந்தது.