ப்ராம்ப்டில் எழுதினால் போதாது, அனுமதியைக் குறையுங்கள்

டுடூயிஸ்ட் (Todoist) என்ற வேலைப்பட்டியல் செயலியில் உள்ள உங்கள் பட்டியலை ஏஐ உதவியாளரிடம் கொடுத்து, "என்னைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்" என்று ப்ராம்ப்டில், அதாவது அதற்குக் கொடுக்கும் அறிவுறுத்தலில், எழுதி வைத்தும், கட்டாத மின்கட்டணத்தை அது முடிந்ததாகக் குறித்துவிட்டது என்கிறீர்கள். அந்த வரி வெறும் வேண்டுகோள்தான். உரையாடல் நீண்டால் உதவியாளர் அதைத் தவறவிடலாம்.

நீங்கள் கொடுத்திருப்பது சொந்த ஏபிஐ டோக்கன், அதாவது வேறொரு மென்பொருள் உங்கள் கணக்கில் நுழையப் பயன்படும் சாவி. அதற்கு எல்லா உரிமையும் உண்டு. அமைப்புகளில் புது டோக்கன் எடுத்து, பழையதைச் செல்லாததாக்குங்கள். ஓஆத் (OAuth, சாவியைக் கொடுக்காமல் குறிப்பிட்ட அனுமதிகளை மட்டும் தரும் முறை) வழியாக இணைத்தால் படிக்க, வேலை சேர்க்க, மாற்ற, அழிக்க என்று அனுமதியைப் பிரித்துக் கொடுக்கலாம். முதல் இரண்டு போதும். அப்புறம் எதையும் முடிந்ததாகக் குறிக்க அதனால் முடியாது.

மாற்றம் வேண்டுமென்றால் "யோசனைகள்" என்று ஒரு ப்ராஜெக்ட் வைத்து அதில் எழுதச் சொல்லுங்கள்: எந்த வேலை, பழைய தேதி, புதிய தேதி, ஏன். மாலையில் ஒரே தடவை பார்த்து நீங்களே மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் கேட்க வைக்காதீர்கள். நாலைந்து கேள்விக்குப் பிறகு யாரும் படிக்காமலே 'சரி' தட்டிவிடுவோம். அதை ஒப்புதல் என்று நான் சொல்லமாட்டேன்.

மெயிலைப் படித்து வேலை சேர்க்கச் சொல்லியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. யாரோ அனுப்பிய மெயிலில் உள்ள வரியையே அது கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

தவறாகக் குறித்தவை போய்விடவில்லை. முடிந்த வேலைகளைக் காட்டச் சொல்லி, மின்கட்டணத்தைத் திரும்பத் திறந்துவிடுங்கள்.