கிரனாடா ஸ்பானிஷ் காதில் ஏறவில்லையா?

ஸ்பெயினின் கிரனாடா நகருக்கு வந்து மூன்று வாரமாகியும் வீட்டுக்காரம்மா பேசுவது புரியவில்லை, இரண்டு வருடம் படித்த ஸ்பானிஷ் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணே இல்லை. நீங்கள் படித்தது பாடப்புத்தக ஸ்பானிஷ், அவர் பேசுவது ஆந்தலூசியப் பேச்சு, அதாவது கிரனாடா இருக்கும் தெற்கு ஸ்பெயின் வட்டாரத்தின் வழக்கு. அங்கே சொல்லின் கடைசி 'ஸ்' காற்றோடு போய்விடும். 'மாஸ் ஓ மேனோஸ்' (ஏறக்குறைய) என்பது 'மா ஓ மேனோ' ஆகிவிடும், 'கன்சாதோ' (களைத்த) என்பதில் 'த'வும் போய் வெறும் 'கன்சாவ்'. நானும் முதல் மாதம் தலையாட்டியே ஓட்டினேன். அப்படி ஆட்டித்தான் ஒருநாள் தட்டு நிறைய நத்தை வந்து சேர்ந்தது!

இரவுச் சாப்பாட்டுக்கு அறைக்குள் போய்விடாமல் அந்த அம்மாவோடு உட்காருங்கள். புரியாவிட்டால் 'கோமோ?' (எப்படி?) என்று கேளுங்கள், வெறும் 'கே?' (என்ன?) கொஞ்சம் முரட்டுத்தனமாகப் படும். ஆந்தலூசியாவின் கனால் சூர் வானொலியை ஓடவிடுங்கள், அதே பேச்சு காதுக்குப் பழகும். அப்புறம், 'இன்தெர்காம்பியோ' என்கிற மொழிப் பரிமாற்றச் சந்திப்பைத் தேடுங்கள்: அரை மணி உங்கள் ஆங்கிலம், அரை மணி அவர்கள் ஸ்பானிஷ். சந்திப்பை பாரில் வைத்துக்கொள்ளலாம்; அங்கே ஒரு பானம் வாங்கினால் தாப்பா என்கிற சின்னத் தீனி பெரும்பாலும் இலவசமாகவே வரும், செலவும் குறைவு.

இரவு ஒன்பதரை மணிச் சாப்பாடுதான் சோதனை, அதுவரை பசி தாங்காது. மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை சின்னக் கடைகள் பலவும் பூட்டியிருக்கும், பிஸ்கட்டை முன்பே வாங்கி வையுங்கள்.