எமிஸ் தளம் வந்த பிறகு தலைமையாசிரியரின் வேலை குறைந்திருக்கிறதா?

தமிழ்நாட்டின் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். எமிஸ் என்பது மாணவர் விவரங்களையும் வருகையையும் பள்ளிகள் பதிவேற்றும் கல்வித் துறையின் இணையதளம். அது வந்த பிறகு எழுத்து வேலை குறைந்திருக்கிறது. விழிப்பாக இருக்க வேண்டிய வேலை கூடியிருக்கிறது.

முன்பெல்லாம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைக் கையால் எழுதி, ஓர் ஆசிரியர் உரக்கப் படிக்க இன்னொருவர் சேர்க்கைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். இப்போது அந்தப் பட்டியல் எமிஸ் விவரங்களிலிருந்தே உருவாகிறது. ஆறாம் வகுப்பில் சேர்த்த நாளில் அவசரமாகத் தட்டச்சு செய்த ஒரு தலைப்பெழுத்துப் பிழை, நான்கு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து மதிப்பெண் சான்றிதழ் வரை போய்விடக்கூடும். ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணவரின் விவரத்தையும் அச்சிட்டு வீட்டுக்கு அனுப்பி, பெற்றோர் கையொப்பத்துடன் திரும்பப் பெறுவதை வழக்கமாக்கினேன். ஒரு தாய் நேரில் வந்து, "பையன் பேரு சரிதான் சார், அப்பா பேருன்னு இருக்கிற இடத்துல எங்க மாமனார் பேரு இருக்கு" என்று விரல் வைத்துக் காட்டினார். எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் பார்த்துச் சரியென்று சொன்ன தாள் அது.

மாற்றுச் சான்றிதழ் கொண்டுவரும் மாணவரின் கதை வேறு. பழைய பள்ளி அவரைத் தன் கணக்கிலிருந்து பொதுத் தொகுப்புக்கு, எங்கள் பேச்சில் 'காமன் பூலுக்கு', விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பக்கம் எடுத்துக்கொள்ள முடியும். ஒரு பள்ளி அவ்வாறு விடுவிக்கத் தாமதித்ததால், எங்கள் வகுப்பில் நாள்தோறும் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி மூன்று வாரங்கள் எங்கள் கணக்கில் இல்லாமலே இருந்தார். ஆகஸ்ட் 1 நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. எல்லைக்கோட்டில் நிற்கும் சிறிய பள்ளியில், விடுபட்ட ஒரு பெயரால் ஓர் ஆசிரியர் உபரியாகிவிடலாம். ஜூலை கடைசி வாரத்தில் நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

மேலே அனுப்புவதற்காக மட்டும் விவரங்களைப் பதிவேற்றிய காலம் வரை அது எனக்குச் சுமையாகவே இருந்தது. ஒரு முறை, மாத விழுக்காட்டை விட்டுவிட்டு, வருகையைக் கிழமை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஏழு பேர் வியாழக்கிழமைகளில் மட்டும் வரவில்லை. எங்கள் ஊர் வாரச்சந்தை வியாழனன்று. பெற்றோருடன் மூட்டை இறக்கப் போயிருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பெற்றோரிடமே தாளைக் காட்டிப் பேசினோம். வியாழனன்று வைத்திருந்த கணிதத் தேர்வைப் புதனுக்கு மாற்றினோம். ஐந்து பேர் ஒழுங்காக வரத் தொடங்கினார்கள். மற்ற இருவர், கடைசிவரை, சந்தை முடிந்து மதிய உணவு வேளைக்குத்தான் வந்தார்கள்.