செயின்ட் லூயிஸ் ஆர்ச்சின் உச்சிக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

வாசகர் கேள்வி: போன வருடம்தான் வேலை மாறி, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் பக்கம், பால்வினுக்குக் குடிவந்தோம். ஜூலையில் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து மூன்று வாரம் வருகிறார்கள். அம்மாவுக்கு 68 வயது. வலது முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை ஆகி இரண்டு வருடம் ஆகிறது. நன்றாக நடப்பார், படி ஏறத்தான் சிரமம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ஆர்ச் (ஆற்றங்கரையில் நிற்கும் கேட்வே ஆர்ச் என்ற பெரிய எஃகு வளைவு), மிருகக்காட்சி சாலை, ஆர்ட் மியூசியம், படகுச் சவாரி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 149 டாலருக்கு பாஸ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். இந்த வாரமே பணம் அனுப்ப வேண்டுமாம். வாங்கலாமா? அம்மா ஆர்ச் மேலே ஏற முடியுமா?

பதில்: பணத்தை அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் டிக்கெட் யார் பெயரில், எந்தத் தேதிக்கு, எத்தனை மணிக்கு என்று இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

அந்த நான்கில் இரண்டுக்கு டிக்கெட் என்ற ஒன்றே கிடையாது. செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆர்ட் மியூசியத்துக்கும் இல்லை. உங்களுக்கும் இல்லை, ஊரிலிருந்து வரும் உங்கள் அப்பா அம்மாவுக்கும் இல்லை. ஆர்ட் மியூசியத்தின் கட்டடம் 1904-இல் இங்கே நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. அதன் முகப்பில் 'கலைக்கு அர்ப்பணம், அனைவருக்கும் இலவசம்' என்ற பொருளில் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பல வருடமாக இந்த ஊரில் வெளியூர்க் குடும்பங்களை அழைத்துப் போய்க் காட்டுகிறேன். ஒரு கோடையில் ஜூ வாசலில் எனக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர், நான்கு தாள்களை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். தாளில் பார்கோடு, யானைப் படம், குடும்பத்தார் பெயர் எல்லாம் இருந்தது. அதை யாரிடம் காட்டுவது என்று வாசலில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்க்க அங்கே ஆளே இல்லை. எல்லோரும் பூங்காவுக்குள் போவதுபோல உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மகன் அனுப்பிய பணத்தில் வாங்கியது என்று அவர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. இலவசமான இடத்துக்குச் சீட்டு அடித்து விற்பதைத் திருட்டு என்றுதான் சொல்வேன். இதைச் செய்கிறவர்களில் பாதிப்பேர் நம் ஆட்கள்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் வருகிறார்கள், எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்ற நம் பதற்றம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அது ஏன் இலவசம் என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. 1971-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து மக்களும் அதை ஒட்டிய கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மக்களும் வாக்களித்து, தங்கள் சொத்து வரியில் ஒரு சிறு பங்கை ஜூவுக்கும் மியூசியங்களுக்கும் என்று ஒதுக்கினார்கள். அந்த வரி இன்றும் போகிறது. பால்வின் செயின்ட் லூயிஸ் கவுன்டியில்தான் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் வாடகையிலும் அந்தப் பங்கு அடக்கம். ஆக, ஏற்கெனவே பணம் கட்டிய இடத்துக்குத்தான் மறுபடியும் கட்டச் சொல்கிறார்கள்.

ஜூவுக்குள் போன பிறகு சிலவற்றுக்குக் காசு உண்டு. வாகன நிறுத்துமிடத்துக்கு, குட்டி ரயிலுக்கு, ராட்டினத்துக்கு என்று தனித்தனியாக வாங்குவார்கள். காரை வெளியே, ஜூ இருக்கும் ஃபாரஸ்ட் பார்க் பூங்காவின் சாலையோரத்தில் இலவசமாகவே நிறுத்தலாம், ஆனால் காலையிலேயே போனால்தான் இடம் கிடைக்கும். அம்மாவுக்காக அந்த ரயிலுக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். இடம் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். ரயில் நிற்கும் இடங்களில் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். அதையும் அங்கே போய் வாங்கினால் போதும்.

சரி, ஆர்ச்சுக்கு வருவோம். உங்கள் உண்மையான கவலை அதுதான்.

630 அடி உயரம். துருப்பிடிக்காத எஃகினால் ஆன வளைவு. ஈரோ சாரினென் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது, 1965 அக்டோபரில் கட்டி முடித்தார்கள். வளைவுக்குள் நேராக மேலே போகும் சாதாரண லிஃப்ட் வைக்க முடியாது என்பதால், பாதி லிஃப்ட் போலவும் பாதி ராட்டினம் போலவும் ஒரு டிராம் வைத்திருக்கிறார்கள். ஒரு டிராமில் எட்டுப் பெட்டிகள் சங்கிலிபோல இருக்கும். ஒரு பெட்டிக்கு ஐந்து பேர். வளைவில் ஏற ஏற ஒவ்வொரு பெட்டியும் கடக் கடக்கென்று தன்னை நிமிர்த்திக்கொள்ளும். மேலே போக நான்கு நிமிடம், கீழே வர மூன்று நிமிடம்.

'லிஃப்ட் மாதிரி இருக்கிறது, அம்மா போகலாம்' என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சிக்கல் பெட்டிக்குள் நுழைவதிலேயே தொடங்குகிறது. கதவின் உயரம் ஏறக்குறைய நான்கு அடிதான். நன்றாகக் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, தலையைத் தாழ்த்தியபடியே திரும்பி உட்கார வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்க இடமில்லை. ஐந்து பேர் உட்கார்ந்தால் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும். மாற்று முழங்கால் வைத்தவர்களுக்கு உட்காருவதைவிட, குனிந்த நிலையில் எழுந்து வெளியே வருவதுதான் வலிக்கும்.

அது போக, படிகள். டிராமுக்குப் போகவும் திரும்பவும் ஆறு வரிசையாகக் குறைந்தது 96 படிகள் ஏறி இறங்க வேண்டும். அந்தப் படிகளைத் தவிர்க்க வேறு வழி இல்லை. சக்கர நாற்காலி மேலே போகாது. உச்சியில் உட்கார இருக்கையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. கீழே வரும் டிராமுக்கு வரிசை நீளமாக இருந்தால் ஒரு மணி நேரம்கூட நிற்க வேண்டிவரும். ஜன்னல்களும் சின்னவை. 7 அங்குல உயரம், 27 அங்குல அகலம். சாய்ந்த சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்தால்தான் கீழே மிசிசிப்பி ஆறு தெரியும்.

என் குழுவில் வந்த ஒரு அம்மா ஏறும்போது சமாளித்துவிட்டார். இறங்கி வந்த பிறகு, நடைமேடையிலிருந்து வெளியேறும் படிகளில் பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றி ஒதுங்கி ஏறினார்கள். வலியைவிட, எல்லாரையும் நிறுத்திவிட்டோமே என்ற கூச்சம்தான் அவரை அழ வைத்தது. அவர் மகன் டிக்கெட் வாங்கிய இடத்தில் படி என்ற சொல்லே இல்லை. கட்டணம், படம், ஐந்து நட்சத்திரம், இவ்வளவுதான். விமான டிக்கெட் விற்கும்போது சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்கிறார்கள். இங்கே 96 படிகள் இருக்கின்றன என்பதைப் பணம் கட்டும் திரையில் ஒரு வரி போட என்ன கஷ்டம்? இடைத்தரகர்கள் போட மாட்டார்கள். போட்டால் ஒரு டிக்கெட் குறையும்.

அதனால் என் பதில்: அம்மா மேலே போக வேண்டாம். ஆனால் ஆர்ச்சுக்குக் கட்டாயம் வர வேண்டும். வளைவுக்கு அடியில், பூமிக்குள் ஒரு பெரிய மியூசியம் இருக்கிறது. 2018-இல் புதுப்பித்துத் திறந்தார்கள், நுழைவு இலவசம், குளிர்சாதன வசதியும் உண்டு. ஜூலை வெயிலும் புழுக்கமும் நம் ஊர்க் கடலோரப் புழுக்கம்போலவே இருக்கும் என்பதால் அதுவே பெரிய வசதி. டிராம் பெட்டியின் மாதிரி ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். அம்மா அதில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்து பார்க்கட்டும். உச்சியிலிருந்து தெரியும் காட்சியைக் கேமரா வழியாகக் கீழேயே பார்க்கவும் ஏற்பாடு உண்டு. வாசலில் விமான நிலையம்போலச் சோதனை இருக்கும். முழங்காலில் உலோகம் இருக்கிறது என்று முன்பே சொல்லிவிட்டால் தனியாகச் சோதித்து அனுப்புவார்கள். அப்பா பழம் நறுக்கும் கத்தியைப் பையில் வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கும் உங்களுக்கும் டிராம் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். ஜூலையில் நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கேட்வே ஆர்ச் டாட் காம் என்ற அதிகாரபூர்வத் தளத்தில் எடுங்கள். தேடினால் முதலில் வரும் இரண்டு மூன்று முடிவுகள் பெரும்பாலும் விளம்பரங்கள். அவற்றில் சில அசல் தளம்போலவே வெள்ளி வளைவுப் படம் போட்டு, அதே டிக்கெட்டின் மேல் 'வசதிக் கட்டணம்' ஏற்றி விற்பவை. டிக்கெட்டில் நாளும் நேரமும் இருக்க வேண்டும். 'எந்த நாளும் போகலாம்' என்று யாராவது விற்றால் அது டிராம் டிக்கெட் இல்லை.

இன்னொரு குழப்பத்தைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். ஆர்ச் ஒரு தேசியப் பூங்கா. 'எங்களிடம் தேசியப் பூங்கா வருடாந்திர பாஸ் இருக்கிறது, ஆர்ச் இலவசம்தானே?' என்று கேட்பார்கள். இல்லை. ஆர்ச்சின் புல்வெளிக்கும் மியூசியத்துக்கும் எப்படியும் கட்டணம் கிடையாது, அங்கே பாஸுக்கு வேலையே இல்லை. டிராம் டிக்கெட்டில் இரண்டு பகுதி இருக்கிறது: 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவருக்கு 3 டாலர் பூங்கா நுழைவுக் கட்டணம், மீதி சவாரிக் கட்டணம். பாஸ் கழிப்பது அந்த 3 டாலரை மட்டும்தான். சவாரிக் கட்டணம் அப்படியே இருக்கும். கழிவும் பாஸ் வைத்திருப்பவருக்கும் அவரோடு வரும் மூன்று பெரியவர்களுக்கும் மட்டும். ஆகவே ஆர்ச்சுக்காக என்று பாஸ் வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் டிக்கெட் எடுக்கும்போது சொல்லுங்கள், வரும்போது பாஸையும் அடையாள அட்டையையும் எடுத்துவாருங்கள். 62 வயதானவர்களுக்கு மலிவான சீனியர் பாஸ் இருக்கிறதே, அப்பா அம்மாவுக்கு எடுக்கலாமா என்றால், அதுவும் முடியாது. அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) பெற்றவர்களுக்கும் மட்டும். விசிட்டர் விசாவில் வருபவர்களுக்குக் கிடையாது. 'எடுத்துத் தருகிறேன்' என்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

படகுச் சவாரி அம்மாவுக்கு ஏற்றது. ஆர்ச்சுக்குக் கீழே ஆற்றங்கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் போய் வரும். ஆர்ச்சிலிருந்து கரைக்கு இறங்கும் பெரிய படிக்கட்டில் அம்மாவை இறக்காமல் காரில் கரை வரை கொண்டுபோய் விடுங்கள். ஆற்றில் வெள்ளம் என்றால் படகு ஓடாது. வாட்ஸ்அப் பாஸ் கொடுப்பவர் அன்றைக்குப் பணத்தைத் திருப்பித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். அதே அதிகாரபூர்வத் தளத்திலேயே படகு டிக்கெட்டும் கிடைக்கும்.

ஆர்ச்சுக்கு எதிரே பச்சைக் குவிமாடத்தோடு நிற்பது பழைய நீதிமன்றம். அடிமையாக இருந்த ட்ரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹேரியட்டும் விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கின் விசாரணைகள் 1847-இலும் 1850-இலும் இங்கேதான் நடந்தன. அப்பாவுக்கு வரலாற்றில் ஆர்வம் இருந்தால் அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். இதுவும் இலவசம்.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு என்றால் அம்மாவுக்காக நான் சொல்வது மிசௌரி தாவரவியல் பூங்கா. ஹென்றி ஷா என்பவர் 1859-இல் மக்களுக்குத் திறந்துவைத்தது. பாதைகள் சமதளம், வழியெல்லாம் உட்கார இடம். அதற்குள்ளே 1960-இல் திறந்த கிளைமட்ரான் என்ற கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் குவிமாடமாக நிற்கும். கதவைத் திறந்ததும் நம் ஊர் மழைக்கால ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். வாழையும் மற்ற வெப்பமண்டல மரங்களும் அடர்ந்திருக்கும். ஊரை விட்டு வந்து இரண்டு வாரம் ஆன அம்மாக்கள் அங்கே அதிக நேரம் நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சிட்டி மியூசியம் என்று யாராவது சொன்னால், பெயரைப் பார்த்துப் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள். பழைய காலணிக் கம்பெனிக் கட்டடத்தில் தவழவும் ஏறவும் சறுக்கவும் அமைத்த இடம் அது. பத்து மாடிச் சறுக்கு மரம் இருக்கிறது. குழந்தைகளோடு நீங்கள் தனியாகப் போங்கள், முழங்கால் உறை போட்டுக்கொண்டு.

ஆர்ட் மியூசியத்தை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் டிக்கெட் வாங்கும் சிறப்புக் கண்காட்சிகளும் அன்று இலவசம், இரவு 9 மணி வரை திறந்திருக்கும். திங்கட்கிழமை விடுமுறை. நகரத்துக்குள் எங்கே காரை நிறுத்தினாலும் பை, பாஸ்போர்ட், மருந்துப் பெட்டி எதையும் வெளியே தெரியும்படி சீட்டில் வைக்காதீர்கள். கண்ணாடியை உடைக்க அரை நிமிடம் போதும்.

அம்மாவை வைத்து நான் போடும் திட்டம் இது: முதல் வாரத்தில் ஒரு வேலைநாள் காலை ஆர்ச் மியூசியம், அப்பாவும் நீங்களும் 10 மணி டிராமில் மேலே போய் வாருங்கள், அந்த நேரத்தில் அம்மாவோடு கீழே ஒருவர் இருக்கட்டும். மேலே போனதும் ஜன்னலிலிருந்து வீடியோ காலில் அம்மாவைக் கூப்பிடுங்கள்.